ரெண்டு பேருக்கு ஒரு சட்டி

– அதக் கீழ வைங்க குபான். அது ரெண்டு பேருக்கான சட்டி இல்ல, கல்யாண வீட்டு அண்டா.

– அதாவது பெர்மெத், கொஞ்சம் பெருசா இருந்தா நல்லதுதானேன்னு...

– தொல்குன் அக்கா, நீங்களே சொல்லுங்க. மலைக்குப் போறவங்களுக்கு வாடகைக்குக் குடுத்துக் குடுத்தே உங்க கடையில பாதிச் சாமான் நசுங்கிக் கெடக்கு. நாங்க ரெண்டே பேரு. ஆலாகோல் ஏரி வரைக்கும் ஏறி, கணவாயத் தாண்டி, அந்தப் பக்கம் வெந்நீர் ஊத்துல எறங்கப் போறோம். எந்தச் சட்டி எடுக்கறது?

– நசுங்கிக் கெடக்குன்னு சொன்ன வாய்க்கு உப்பில்லாத கஞ்சிதான் கெடைக்கும். சொல்லு பாப்போம், மலையில என்ன ஆக்கப் போற?

– காலையில ரவைக் கஞ்சி. சாயங்காலம் நூடுல்ஸ், அதுல டப்பாக் கறி. நடுவுல டீ, டீ, டீ.

– வெறும் தண்ணியக் கொதிக்க வெச்சு ஊத்தறதா, இல்ல நெசமாவே சமைக்கறதா? ரெண்டும் வேற வேற. ஊத்தறதுன்னா ஒசரமா, குறுகலா ஒண்ணு போதும், சீக்கிரம் கொதிச்சுரும். சமைக்கறதுன்னா அகலமா வேணும். இல்லாட்டி அடி தீஞ்சுரும், நடு வேகாது, அப்பறம் இங்க வந்து என் சட்டியத் திட்டுவீங்க.

– அதெல்லாம் சரி. இவரு சமைக்கற ஆளா, தண்ணி ஊத்தற ஆளான்னு எனக்கே தெரியாதேக்கா. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த நடையே.

– அதென்ன தங்கச்சி, கூட வர்ற ஆளப் பத்தி இப்பிடிச் சொல்ற? உன் காதுல மின்னுதே தோடு, அது இவங்க வீட்டு நிச்சயத் தோடுதானே?

– இவங்கம்மாதான் வந்து போட்டுட்டுப் போனாங்க, பனி உருகற சமயத்துல. அதுக்கப்பறம் நாங்க பேசினத எல்லாம் ஒண்ணாச் சேத்தா ஒரு கிண்ணம் டீ ஆறுற நேரம் வரும். அவ்ளோதான். இவரு குதிரை டாக்டரு. நல்லவருங்கறாங்க. எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியணும்ல?

– அதுக்காகக் கல்யாணத்துக்கு முன்னாடியே மலையா? காராகோல் ஊரு என்ன பேசும் தெரியுமா?

– ஊரு பேசட்டும். நான் ஆம்புலன்ஸ்ல நர்ஸு. ஊரையே ஸ்ட்ரெச்சர்ல வெச்சுத் தூக்கிட்டுப் போறவ. அது பேசறதக் கேட்டுட்டிருந்தா வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராது.

– அடேங்கப்பா. தம்பி, நீ என்ன சொல்ற?

– அதாவது, எனக்கு இதான் பரீட்சைக்கா. மழையில கூடாரம் அடிக்கறப்ப நான் கத்தறேனா, கடைசி ரொட்டியப் பாதியாப் பிய்க்கறேனா, இல்ல பெரிய துண்டா எடுத்துக்கறேனா, இதெல்லாம் இவங்க பாப்பாங்களாம். பாஸாயிட்டா ஆப்பிள் பறிக்கிற மாசத்துல கல்யாணம்.

– ஆகலன்னா?

– ஆகலன்னா தோட்டைக் கழட்டி ஒரு பொட்டலமாக் கட்டிக் கையில குடுத்துருவேன்னு சொல்லியிருக்காங்க.

– அப்பிடிப் போடு! இந்த மாதிரி ஒரு நடைக்கு என் கடையில சாமான் எடுக்கறாங்கன்னா எனக்கே பெருமையா இருக்கு. இரு, இரு, நீதானே எங்க கொழுந்தன் வீட்டுக் குதிரை வயித்து வலியில உருண்டப்ப வந்தவன்?

– ஆமாக்கா. பொழச்சுக்கிச்சுல்ல?

– குதிரை பொழச்சுக்கிச்சு. கொழுந்தன்தான் இன்னும் அப்பிடியே இருக்கான். சரி, இந்தாம்மா, இதப் பிடி. ஒன்றரை லிட்டர், அலுமினியம். உங்க ரெண்டு பேருக்கும் அளவெடுத்து அடிச்ச மாதிரி இருக்கா? நூடுல்ஸ் பொங்கறதுக்கு மேல எடம் விட்டாலும் ரெண்டு வயித்துக்குத் தாராளமாக் காணும். கேஸ் டப்பா உள்ளயே உக்காந்துக்கும், அது மேல அடுப்பு. மூடியத் திருப்பிப் போட்டா தட்டு.

– பக்கத்துல இருக்கறது லேசா இருக்கேக்கா, காத்து மாதிரி.

– அது டைட்டானியம். தண்ணி கொதிக்க வைக்க ராசா. கஞ்சி வெச்சேன்னா அடுப்பு பட்ட எடத்துல மட்டும் கருகி, உன் மாப்பிள்ளைய வேணாம்னு சொல்ல ஒரு காரணம் கெடைக்கும். அது வேணுமா?

– வேணாம். நியாயமான பரீட்சையா இருக்கட்டும். இந்த அலுமினியத்தையே எடுத்துக்கறோம். வைங்க குபான் அத, இன்னும் கையிலயே வெச்சிருக்கீங்க!

– அதாவது... இதுவும் நல்லாத்தான் இருக்கு. அக்கா, இது எவ்ளோ பிடிக்கும்?

– ரெண்டரைக்கு மேல பிடிக்கும். அது மூணு நாலு பேராப் போறவங்க எடுக்கறது. உனக்கெதுக்கு அது?

– நான் கொஞ்சம் சாப்புடுவேன்.

– யாரு, நீங்களா? எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா லக்மான் பண்ணி வெச்சாங்க. இழுத்து இழுத்துக் கை வலிக்கப் பண்ண நூடுல்ஸு. நீங்க மூணு வாய் எடுத்துட்டுக் கிண்ணத்த வெச்சிட்டீங்க. நீங்க போனதுக்கப்பறம் அம்மா கேட்டாங்க, 'மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நர்ஸாச்சே நீ, பாத்தாத் தெரியலையா?'ன்னு.

– அது கூச்சம். வீட்டுக்குப் போற வழியில ரெண்டு கிண்ணம் ஆஷ்லியான்ஃபு வாங்கிச் சாப்ட்டேன்.

– ரெண்டா?

– மூணு.

– தங்கச்சி, நீ சிரிச்சுட்ட. நான் பாத்துட்டேன்.

– அதெல்லாம் சரிக்கா. மூணு கிண்ணம் குளுந்த நூடுல்ஸ் சாப்பிடற ஆளா இருந்தாலும் ஒன்றரை லிட்டர்ல ரெண்டு தடவ ஆக்கிக்கலாம். எதுக்கு இந்தக் குண்டானத் தூக்கணும்?

– நான்தானே தூக்கப் போறேன், பெர்மெத். அப்பறம், மேல கணவாய்ல பனி இருக்கும். பனிய உருக்கித் தண்ணி எடுக்கணும்னா பெரிய சட்டி வேணும். அது உண்மைதானேக்கா?

– உண்மைதான். சட்டி நெறையப் பனிய அமுக்கி வெச்சாலும் உருகினா அடியில ஒரு வாய்த் தண்ணிதான் நிக்கும். அதுவும் தீஞ்ச வாசம் அடிக்கும். ஆனா தம்பி, நீ போறது ஆகஸ்ட்ல. அதுவும் ஏரிக்கு. ஏரிக்கரையில உக்காந்துக்கிட்டுப் பனிய உருக்குவியா?

– அதாவது... யாராவது வழிப்போக்கர் நம்ம கூடாரத்துப் பக்கம் வந்தா ஒரு கிண்ணம் டீ குடுக்காம அனுப்பறதா? ஆடு மேய்க்கறவங்க வருவாங்க.

– ஆடு மேய்க்கறவங்க நமக்குத்தான் தயிரும் ரொட்டியும் குடுப்பாங்க. போன தடவ நான் பையில கொண்டு போனத விடக் கொண்டு வந்ததுதான் ஜாஸ்தி. நான் மூணு தடவ போயிருக்கேன் குபான், எனக்கே கதை விடாதீங்க.

– நான் ஒண்ணு சொல்லட்டா? இந்தக் கடையில நான் பாக்காத ஜோடி இல்ல. போன கோடையில வெளியூருப் புருசன் பொண்டாட்டி வந்தாங்க. ஆளுக்கு ஒரு குட்டிச் சட்டி, ஆளுக்கு ஒரு அடுப்பு. 'ஏம்மா, ஒண்ணா ஆக்கக் கூடாதா?'ன்னு கேட்டேன். 'எங்க ருசி வேற வேற'ன்னாங்க. எறங்கி வர்றப்பவும் வேற வேறயாத்தான் வந்தாங்க. அவரு காலையில, அந்தம்மா அடுத்த நாளு. சட்டியப் பாத்தே சொல்லிருவேன் நான், கூடாரத்துக்குள்ள என்ன நடக்கும்னு.

– அப்ப இவரு சட்டியப் பாத்துச் சொல்லுங்க.

– சொல்லிருவேன். அப்பறம் என்னக் கோவிச்சுக்கக் கூடாது.

– அக்கா, வேணாமே...

– பாத்தியா, வேணாங்கறான். தங்கச்சி, ஒருத்தன் ஒரு காரணம் சொன்னா அதுல உண்மை இருக்கும். அடுத்தடுத்து மூணு சொன்னா, நெசமான காரணம் நாலாவது. அவன் கையில வெச்சிருக்கறது மூணு பேரு சட்டி.

– மூணு பேரா?

– நான் சொல்லல. சட்டி சொல்லுது.

– குபான், இங்க பாருங்க. என்னப் பாருங்க, சட்டிய இல்ல. மூணாவது யாரு?

– பெர்மெத்...

– உங்கம்மாவா?

– ஐயோ, எங்கம்மாவா! எங்கம்மா கதவு வரைக்கும் போறதுக்கே கார் கேக்கறவங்க.

– அப்ப உங்க அக்கா. 'கல்யாணம் ஆகாத பொண்ணோட தனியாப் போகாத, நானும் வர்றேன்'ன்னு சொல்லியிருப்பாங்க. நீங்களும் 'அதாவது, அதாவது'ன்னு தலையாட்டியிருப்பீங்க.

– எங்கக்காவுக்கு நாம போறதே தெரியாது. எங்க வீட்ல யாருக்குமே சொல்லல. நான் சத்தியமாச் சொல்றேன்.

– பின்ன யாரு? உங்க கூட்டாளியா? வழியில பேச ஆள் இல்லன்னு பயமா?

– இல்ல.

– சொல்லுங்களேன்!

– சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதாவது, சொல்லவே கூடாதுன்னு இல்ல. சொல்றதுக்கு ஒரு நேரம் வரணும். இப்ப அந்த நேரம் வந்துச்சா, வரலையான்னு எனக்குத் தெரியல. அதான் முழிக்கறேன்.

– கேட்டீங்களாக்கா? இதத்தான் நான் பாக்கணும்னு நெனச்சேன். மலைக்குப் போகவே வேணாம் போலிருக்கு, கடையிலயே தெரிஞ்சுபோச்சு. நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன் இவருகிட்ட. 'நாம ரெண்டு பேரும், வேற யாரும் வேணாம்'னு. 'சரி'ன்னாரு. என் முகத்தப் பாத்துச் சரின்னுட்டு, முதுகுக்குப் பின்னால வேற யாருக்கோ வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறாரு. நாளைக்குக் கல்யாணம் ஆனப்பறமும் இப்பிடித்தானே?

– பொறும்மா, பொறு. காதுல ஏன் கை வைக்கற?

– பொட்டலம் கட்டக் காயிதம் இருக்கா அக்கா?

– காயிதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது சட்டி வாடகைக் கடை, தோடு வாங்கற கடை இல்ல. கைய எடு முதல்ல. தம்பி, நீ வாயத் தொற. குதிரை வயித்துக்குள்ள கைய விடத் தெரியுது, ஒரு வார்த்தைய வெளிய எடுக்கத் தெரியலையா?

– பெர்மெத், நான் 'சரி'ன்னு சொன்னது நெசம். இப்பவும் நீங்க சின்னச் சட்டியத்தான் எடுக்கணும்னா எடுத்துக்கலாம். ரெண்டு பேரும் போயிட்டு வருவோம். நான் வேற எதுவும் பேச மாட்டேன். அப்பிடித்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க.

– யாரு சொன்னா?

– உங்க... உங்க வீட்ல.

– எங்க வீட்லயா!

– ஐயோ.

– அம்மாவா? எங்கம்மாவா? ஓ, இப்பப் புரியுது. நல்லாப் புரியுது. எங்கண்ணனக் கூட அனுப்பறாங்க, அதானே? 'மாப்பிள்ள, எம் பொண்ணு அடங்காதவ, நீங்கதான் பாத்துக்கணும், அஸாமத்தக் கூடக் கூட்டிட்டுப் போங்க'ன்னு. அண்ணன் ஒருத்தனுக்கே அந்தச் சட்டி பத்தாதே!

– உங்கண்ணன் இல்ல.

– பின்ன எந்தக் காவக்காரன? அக்கா, எங்கம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மலைன்னாலே அவங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு தடவ நான் பையக் கட்டறப்பவும் நிலைப்படியில நின்னுக்கிட்டு, 'அங்க அப்பிடி என்னதான் இருக்கு? என்னதான் இருக்கு அங்க?'ன்னு ஒரே பாட்டு. நான் ஷூவ மாட்டிக்கிட்டுக் கெளம்பிப் போயிருவேன். வீட்ல தங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் முட்டை அவிச்சு, போர்சோக் ரொட்டி பொரிச்சு, மூட்டை கட்டிக் குடுத்து மலைக்கு அனுப்புவாங்க. சொந்தப் பொண்ணு போனா மட்டும் மூஞ்சி சுருங்கிரும்.

– இரு, இரு. உங்கம்மா விருந்தாளி வீடு நடத்தறவங்களா? சோனுன்தானே? தேவாலயத்துப் பின்னாடி, நீலக் கதவு வீடு?

– ஆமா. தெரியுமா உங்களுக்கு?

– தெரியாம என்ன, அவங்க வீட்டு ஆளுங்கதானே பாதிப் பேரு இங்க சாமான் எடுக்க வர்றது. ஆனா சோனுனே இந்தக் கடைக்குள்ள கால் வெச்சது போன வாரம்தான். நானே என்னடா அதிசயமா இருக்கேன்னு பாத்தேன். மலையேறற ஷூ வேணும்னாங்க.

– ஷூவா? யாருக்கு?

– விருந்தாளி ஒரு அம்மாவுக்கு, ஷூ கிழிஞ்சுபோச்சுன்னாங்க. சரின்னு எடுத்துக் காட்டினேன். அந்தம்மா கால் அளவு என்னன்னு கேட்டா, பதில் சொல்லாமத் தன் கால விட்டுப் பாக்கறாங்க. அதோட நடந்து பாத்தாங்க. அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும். அப்பறம் இந்த மரப் படி இருக்கு பாரு, ஏறி எறங்கினாங்க. 'எறங்கறப்பக் கட்டவிரல் முட்டக் கூடாதாமே?'ன்னு என்னையே கேட்டாங்க. விருந்தாளி காலுக்கு இவ்ளோ அக்கறையான்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள ஷூவ வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

– எங்க வீட்ல இப்ப விருந்தாளி அம்மா யாரும் இல்லையே. ரெண்டு ஆம்பளைங்க, சைக்கிள்காரங்க... குபான்?

– ம்.

– எங்கம்மா காலையில ஈர ஷூவோட வந்தாங்க ரெண்டு மூணு தடவ. கேட்டதுக்கு, மாட்டத் தேடிட்டு வந்தேன்னாங்க. மாடு கொட்டாயிலயேதான் இருந்துச்சு. நான் டூட்டி முடிஞ்சு வந்த தூக்கத்துல அதுக்கு மேல கேக்கல.

– உருளைக்கெழங்குப் பைய முதுகுல கட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டு வர்றாங்க. மொதல்ல பாதிப் பை. இப்ப முழுப் பை. முட்டிக்குத் துணி சுத்திக்கறாங்க, அது நான் சொல்லிக் குடுத்தது. குதிரைக்குக் கட்டற மாதிரிதான்.

– நீ... நீ சொல்லிக் குடுத்தியா?

– தம்பி, 'நீ'ன்னு வந்துருச்சு. எனக்கென்னமோ இது நல்ல சகுனமாத்தான் படுது.

– அக்கா, சும்மா இருங்க கொஞ்சம். குபான், முழுசாச் சொல்லு. எப்பக் கேட்டாங்க?

– உங்க மாட்டுக்குக் குளம்பு பாக்க வந்தேன்ல, அன்னிக்கு. நீ ஆம்புலன்ஸ்ல இருந்த. வேலை முடிஞ்சதும் டீ ஊத்திக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தாங்க. நான் கல்யாணப் பேச்சாக்கும்னு பயந்துட்டேன். அப்பறம் மெதுவா, 'மாப்பிள்ள, நீங்க அந்த ஏரியப் பாத்திருக்கீங்களா? அந்தத் தண்ணி நெசமாவே ஃபோன்ல தெரியற நெறந்தானா, இல்ல ஃபோன் அப்பிடிக் காட்டுதா?'ன்னாங்க.

– எங்கம்மாவா கேட்டாங்க?

– நான் நெசந்தான்னு சொன்னேன். 'காலையில ஒரு நெறம், சாயங்காலம் ஒரு நெறமாமே?'ன்னாங்க. 'மேல நின்னா நம்ம ஊரு தெரியுமா?'ன்னாங்க. 'ராத்திரி காத்து எப்பிடிச் சத்தம் போடும்?'னாங்க. எனக்கு டீ ஆறிப்போச்சு, அவங்க கேள்வி ஆறல. எத்தனையோ வருஷமா வெளியூருக்காரங்க வந்து வந்து ஃபோன்ல ஏரிப் படத்தக் காட்டியிருக்காங்க போல. எவனோ ஒருத்தன் ஏரிக்கரையில கெடந்த கல்லு ஒண்ணக் குடுத்துட்டுப் போயிருக்கான். அத அடுப்படி ஜன்னல்ல வெச்சிருக்காங்க.

– அந்தச் சாம்பக் கல்லா? அது ஊறுகா ஜாடிக்குப் பாரம் வைக்கன்னு நெனச்சேன்.

– 'அங்க என்னதான் இருக்கு?'ன்னு அவங்க உன்னக் கேட்டது திட்டு இல்ல பெர்மெத். அது கேள்வி.

– நான் மூணு தடவ போயிருக்கேன். ஒரு தடவ கூட... கூட வர்றியான்னு ஒரு பேச்சுக்குக் கூட... அம்மாவுக்கு முட்டி வலி, மாடு இருக்கு, போர்வை தொவைக்கணும்னு நானே நெனச்சுக்கிட்டேன்.

– அழாத தங்கச்சி. சட்டியில மூக்க உறிஞ்சாத, வாடகைக்குப் போற சாமான்.

– அழல அக்கா. ஆனா ஏன் எங்கிட்டக் கேக்கல? ஏன் நேத்துத்தான் தெரிஞ்ச ஆளுகிட்டக் கேட்டாங்க?

– நானும் அதான் கேட்டேன். 'பெர்மெத்கிட்ட நீங்களே சொல்லலாமே'ன்னேன். 'வேணாம். அவ உங்களத் தெரிஞ்சுக்கணும்னு போறா. நடுவுல நான் போய்க் குந்தினா அவ என்னத்தத் தெரிஞ்சுக்குவா?'ன்னாங்க.

– அப்பறம் எதுக்கு ஷூ வாங்கினாங்க? எதுக்கு உருளைக்கெழங்கு தூக்கினாங்க? குபான், அப்பறம் என்ன சொன்னாங்க? அவங்க சொன்னத அப்பிடியே சொல்லு, உன் 'அதாவது' இல்லாம.

– 'சட்டி எடுக்கப் போறப்பப் பாருங்க மாப்பிள்ள. அவ சின்னதா எடுத்தான்னா அப்பிடியே விட்டுருங்க, நான் கேட்டேன்னே சொல்லாதீங்க. எனக்கும் ஒரு கிண்ணம் கொள்ற மாதிரி எடுத்தான்னா மட்டும் சொல்லுங்க'ன்னாங்க.